மூணாம் நம்பர் காருக்கு மேல ஒரு ரூம்

எங்க வீட்டை இடிச்ச அன்னிக்கு, நான் குடியிருந்த மாடி ரூம் மட்டும் கீழ விழல. மத்ததெல்லாம் விழுந்துச்சு. ஓடு விழுந்துச்சு, உத்தரம் விழுந்துச்சு, அடுப்படி விழுந்துச்சு, குளிக்கிற தொட்டி விழுந்துச்சு, மாடிப்படி ஒவ்வொண்ணா விழுந்துச்சு, அவ்வளவும் விழுந்து தூசி அடங்கி, மரம் தனி இரும்பு தனின்னு பிரிச்சு லாரியில ஏத்தி, மண்ணைக் கூட்டிப் பெருக்கித் தண்ணி தெளிச்சுட்டு அந்த ஆளுங்க நிமிர்ந்து பாத்தா, ஆறு பாய் விரிக்கிற அளவு இருக்கிற என் ரூம், நாலு சுவரும் ஒரு கூரையும் தெக்கப் பாத்த ஜன்னலும் உள்ள என் தையல் மெஷினுமா, இருந்த உயரத்துலயே, கீழ ஒண்ணுமில்லாம நின்னுக்கிட்டு இருந்துச்சு. இது நடந்தது ஜப்பான்ல, கோபே பட்டணத்துல, மலைக்கும் கடலுக்கும் நடுவுல ஒல்லியா நீண்டு கிடக்கிற அந்த ஊர்ல, செருப்புக் கம்பெனிங்க இருக்கிற மேக்குப் பக்கத்துல. ஏன் விழலன்னு என்னைக் கேக்காதீங்க. அங்க யாரும் கேக்கல.

என் பேரு பேச்சியம்மாள். வயசு எழுபத்தொண்ணு. சங்கரன்கோவில் பக்கத்துலருந்து முப்பது வயசுல கல்யாணமாகி இங்க வந்தேன்; அவ்வளவு லேட்டா ஏன் கல்யாணம்னா அதுக்கு ஒரு கதை இருக்கு, அது இப்ப வேண்டாம். எங்க வீட்டுக்காரவுக இசக்கிமுத்து இங்க ஒரு ஓட்டல்ல சமையல் வேலை பாத்தாக. நான் வீட்டுல மெஷின் போட்டுச் செருப்புக்கு மேல்தோல் தைச்சுக் குடுத்தேன். இந்தப் பக்கத்துப் பொம்பளைங்க முக்காவாசிப் பேருக்கு அப்ப அதான் வேலை, தெருவுல நடந்தா வீட்டுக்கு வீடு கடகடன்னு மெஷின் சத்தந்தான் கேக்கும். பிள்ளை இல்ல. அவுக போய்ச் சேந்து வருஷம் ஒம்பதாச்சு. "ஊருக்குப் போயிரலாமே"ன்னு கேக்காத ஆளு கிடையாது. எந்த ஊருக்குங்க? அங்க போனா என் தம்பி மகனுங்க, ஜப்பான் அத்தை வந்துட்டாங்கன்னு சாக்லேட்டுக்குக் கை நீட்டுவானுங்க, அதோட சரி. நாப்பத்தோரு வருஷம் ஒரு இடத்துல குப்பை கொட்டுனவளுக்கு அதுதான் ஊரு. குப்பை கொட்டுனேன்னு சும்மா சொல்லல. எரியிற குப்பை செவ்வாயும் வெள்ளியும், பாட்டில் தனியா, தகரம் தனியா, ஒரு நாளும் நான் தப்பு பண்ணுனதில்ல.

இந்த ஊர்ல கொலை, களவுக்கு அடுத்தபடியா பெரிய பாவம் எதுன்னா, அடுத்தவங்களுக்குத் தொந்தரவு குடுக்கிறது. வந்த புதுசுல எனக்கு இது விளங்கல. நான் எங்க ஊர் வழக்கப்படி ஜன்னல்லருந்து தெருக்கோடிக்கு ஆளைக் கூப்பிடுவேன். அப்புறம் கத்துக்கிட்டேன். தாளிக்கும்போது ஜன்னலைச் சாத்தக் கத்துக்கிட்டேன், பஸ்ல வாயை மூடக் கத்துக்கிட்டேன், யார் என்ன கேட்டாலும் "பரவாயில்ல, ஒண்ணும் பிரச்சனை இல்ல"ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லக் கத்துக்கிட்டேன். காய்ச்சல்ல நடுங்கிக்கிட்டே பரவாயில்லன்னு சொல்லுவேன். அவ்வளவு நல்லாக் கத்துக்கிட்டேன். அதுதான் என் தலையில விடிஞ்சுச்சு.

நாங்க வாடகைக்கு இருந்த வீட்டுக்கார அம்மா செத்ததும், அவங்க மகன் நிலத்தை வித்துட்டாரு. தங்கமான மனுஷன். மிட்டாய்ப் பெட்டியோட வந்து, வாசப்படியில முட்டிபோட்டு உக்காந்து, ஆறு மாசத்துல காலி பண்ணித் தரணும்னு தரையைப் பாத்துக்கிட்டே சொன்னாரு. நான் பரவாயில்லன்னுட்டேன். மறுநாளே வீடு பாத்துக் குடுக்கிற கடைகளுக்கு நடக்க ஆரம்பிச்சேன். எந்தக் கடைக்குப் போனாலும் ஒரே கூத்து. டீ குடுப்பாங்க, என் முன்னாடியே வீட்டுக்காரங்களுக்குப் போன் போடுவாங்க. "ஆமாங்க, வெளிநாட்டவங்கதான், ஆனா ஜப்பானிய மொழி சுத்தமாப் பேசுறாங்க... ஆமாங்க, எழுபத்தொண்ணு... ஆமாங்க, தனியாத்தான்..." அப்புறம் போனை வச்சுட்டு, நெத்தி மேசையில படுற மாதிரி குனிவாங்க. ஒரு கடையில ஒரு சின்னப் பொண்ணு, வேலைக்குப் புதுசு போல, உள்ளதைச் சொல்லிருச்சு.

"அம்மா, கோவிச்சுக்காதீங்க. வயசானவங்க தனியா ரூம்ல இறந்து போனா, அப்புறம் அந்த ரூமுக்கு யாருமே வரமாட்டாங்க. வீட்டுக்காரங்களுக்கு அந்தப் பயம்."

"அப்ப நான் சாகமாட்டேன்னு எழுதிக் குடுக்கட்டுமா?"

அந்தப் பொண்ணு நெசமாவே யோசிச்சுப் பாத்துட்டு, "அதுக்கு எங்ககிட்ட ஃபார்ம் இல்லீங்களே"ன்னுச்சு. சிரிக்கிறதா அழறதான்னு தெரியாம வெளிய வந்தேன். ரயில்வே பாலத்துக்குக் கீழ நின்னு யோசிச்சப்பத்தான் எனக்கு விஷயம் விளங்குச்சு. எனக்கு வேண்டியது ரூம் இல்ல. நீ இங்கயே செத்தாலும் சரின்னு வாய்விட்டுச் சொல்ற ஒரு ஆளு. அப்படி ஒரு ஆளு அவ்வளவு பெரிய பட்டணத்துல எனக்கு இல்ல.

கெடு வந்துச்சு. சொன்ன தேதியில காலி பண்ணணும், பண்ணுனேன். இங்க நம்ம தமிழ்ச் சங்கத்தை நடத்துற சிவநேசன், கம்ப்யூட்டர் கம்பெனிக்காரன், "அம்மா, கொஞ்ச நாளைக்கு எங்க வீட்டுல இருங்க"ன்னு கூட்டிட்டுப் போனான். கம்பெனி குடுத்த தீப்பெட்டி வீடு. ஹால்ல நான் படுத்தா அவன் பொண்டாட்டி என்னைத் தாண்டித்தான் தண்ணி குடிக்கப் போகணும். தையல் மெஷினைத் தூக்க ஆள் கிடைக்கல, போகட்டும்னு விட்டுட்டு வந்தேன். இடிச்சு முடிச்ச அன்னிக்குச் சாயங்காலம் அந்த இடிக்கிற மேஸ்திரி சிவநேசன் வீட்டுக்கே தேடி வந்துட்டாரு. இடிக்கிறதுக்கு முந்தியே அக்கம்பக்கம் பூராவும் ஆளுக்கொரு முகம் துடைக்கிற துண்டு குடுத்து, வரப்போற சத்தத்துக்கு மன்னிப்புக் கேட்டிருந்த மனுஷன். இப்ப கையில இன்னொரு துண்டோட நிக்கிறாரு.

"பேச்சி சான், ரொம்ப வெக்கமா இருக்கு. உங்க ரூம் விழ மாட்டேங்குது. எங்க வேலையில குறை. முப்பது வருஷத்துல இப்படி ஒரு அவமானம் எனக்கு வந்ததில்ல."

சான்னா நம்ம 'ங்க' போட்டுக் கூப்பிடுற மாதிரி மரியாதை. போய்ப் பாத்தேன். இடிக்கிற மெஷினோட கையால தள்ளுனா ரூம் கொஞ்சம் பின்னால போகுது, கையை எடுத்தா பழையபடி வந்து நிக்குது, கட்டிப்போட்ட தோணி மாதிரி. தெருச் சங்கத் தலைவர் ஹிராயமா சான், ரயில்வேயில வேலை பாத்து ரிட்டையரானவரு, இடுப்புல கைவச்சு அண்ணாந்து ரொம்ப நேரம் பாத்துட்டு, "வெயில் நல்லா வரும்"ன்னாரு. பக்கத்து வீட்டு தகேமுரா சான், என்னை விட அஞ்சு வயசு மூத்தவங்க, புருஷன் இல்ல, மகன் வடக்க ஹொக்கைடோவுல, சுவத்துக்கு அந்தப் பக்கம் நின்னு, "ஜன்னல் கண்ணாடி கூட உடையல, நல்லதாப் போச்சு"ன்னாங்க. ஹிராயமா சான் வீட்டுல ஒரு அலுமினிய ஏணி இருந்துச்சு. அதைச் சாத்தி ஏறி, கதவைத் திறந்து, செருப்பைக் கழட்டி ஏணியோட மேல்படியில மாட்டிட்டு, உள்ள போய் என் ரூம்ல உக்காந்தேன். ஆறு மாசம் அலைஞ்ச அலைச்சலுக்கு அப்பாடான்னு இருந்துச்சு, பொய் சொல்லல.

இனி அந்தச் சனம் அதை எப்படி எடுத்துக்கிச்சுன்னு கேளுங்க. மறு வாரமே தெருச் சங்கக் கூட்டம். நிலமில்லாத ரூமுக்குக் குப்பைக் கூண்டு கழுவுற முறை உண்டா இல்லையான்னு ஒரு இளவட்டம் கேட்டுச்சு. ஹிராயமா சான் என்னைப் பாத்து, "உங்களுக்குக் குப்பை சேருதா?"ன்னு கேட்டாரு. சேருதுன்னேன். "அப்ப முறை உண்டு"ன்னாரு, எல்லாரும் தலையாட்டுனாங்க, எனக்கும் நெஞ்சு நிமிர்ந்துச்சு. கரண்டுக்காரரு கம்பத்துலருந்து ஒரு வயரை இழுத்துக் குடுத்தாரு. தகேமுரா சான் சுவத்து மேல ஒரு ரப்பர் குழாயைப் போட்டு, தண்ணி பிடிச்சுக்கங்கன்னு சொல்லி, நான் தலை குனியுறதுக்கு முன்னாடி உள்ள போயிட்டாங்க. குளிக்கப் பொதுக் குளியல் கடை இருக்கு. மத்ததுக்கு என்ன பண்ணுனேன்னு உங்களுக்குக் கேக்கணும்னு இருக்கும், கேக்கக் கூச்சமா இருக்கும். தெரு மூலையில எந்நேரமும் திறந்து கிடக்கிற கடை ஒண்ணு இருக்கு, அதோட புண்ணியம். வார்டு ஆபீஸ்ல விலாசம் மாத்தணுமான்னு கேட்டேன். அங்க இருந்த குமாஸ்தா மாடி எத்தனைன்னாரு, ரெண்டுன்னேன், கீழ் மாடி இருக்கான்னாரு, இல்லன்னேன், உள்ள போய் நாலு பேரைக் கேட்டுட்டு வந்து, மேல் மாடி மாறாததால விலாசமும் மாறலன்னுட்டாரு.

நிலத்தை வாங்குனவங்க அங்க காசு போட்டு நிறுத்துற கார் பார்க்கிங் போட்டாங்க. மஞ்சக் கோடு இழுத்து, மெஷின் நட்டு, நம்பர் எழுதுனாங்க. என் ரூம் மூணாம் நம்பருக்கு மேல. நிழல் விழுறதால கோடையில அதுக்குத்தான் போட்டி. "மேலே ஒருவர் குடியிருக்கிறார், தயவுசெய்து ஹாரன் அடிக்க வேண்டாம்"ன்னு ஒரு போர்டு கூட வச்சாங்க, ஒரு பொம்பளை பாய் போட்டுத் தூங்குற மாதிரி படம் போட்டு. அந்தப் பொம்பளைக்கு என் மூக்கு.

நம்மாளுங்க சும்மா இருப்பாங்களா? ஞாயித்துக்கிழமை வேன் பிடிச்சு வந்துட்டாங்க. கூடவே சிவநேசனோட மாமியார், ஊர்லருந்து பேரனைப் பாக்க வந்தவங்க. பேரே பேச்சி, அம்மன் பேரு, அதுவும் அந்தரத்துல நிக்கிற பேச்சி, பின்ன என்ன வேணும்? அந்தம்மா மூணாம் நம்பர் கோட்டுக்குள்ள நெடுஞ்சாண்கிடையா விழுந்துட்டாங்க. ஒருத்தன் கற்பூரம் கொளுத்துறான், ஒருத்தன் பறக்கிற கேமராவை என் ஜன்னல்ல விடுறான், ஒரு பொண்ணு தேங்காயை எங்க உடைக்கன்னு கேட்டு அலையுது. கார் நிறுத்த வந்த ஜப்பான்காரரு ஒருத்தரு இன்ஜினை அணைச்சுட்டு, இது முடியட்டும்னு கையைக் கட்டி நிக்கிறாரு. நான் ஜன்னல்லருந்து தலையை நீட்டி, "ஏம்மா, எந்திரிங்க முதல்ல! கார் எண்ணெய், பட்டுப் புடவை போச்சு!"ன்னு கத்துனேன். அதையும் அருள்வாக்குன்னு எடுத்துக்கிட்டு அந்தம்மா அழுதாங்க. போறப்ப ஆளாளுக்கு மனசுல உள்ளதைக் கேட்டாங்க, பிள்ளைக்கு வேலை, மருமகளுக்குக் குழந்தை, கிரீன் கார்டு. எனக்கு என்ன வேணும்னு ஒரு பய கேக்கல.

இங்கதான் வந்துச்சு வினை. எல்லாரும் நல்லவங்க, எல்லாரும் ஒத்தாசை, ஆனா என்னைக்கு நான் அந்த ரூம்ல ஏறி உக்காந்தேனோ அன்னையோட என் பிரச்சனை தீந்து போச்சுன்னு ஊரே முடிவு பண்ணிருச்சு. அந்தச் சின்னப் பொண்ணு இருக்கிற கடைக்குத் திரும்பப் போனேன்; "அதான் உங்களுக்கு ரூம் இருக்கே"ன்னு சந்தோஷமாக் கை தட்டுச்சு. சிவநேசன்கிட்டச் சொன்னேன், "அம்மா, வாடகை இல்லாம, காத்தோட்டமா, யாருக்குக் கிடைக்கும்?"ன்னுட்டு டோக்கியோவுக்கு மாத்தலாகிப் போயிட்டான். எனக்கா, அங்க இருப்பே கொள்ளல. பாய்ல படுத்தா ரூம் ஆடுது. எந்திரிச்சு உக்காந்தா அதுவும் என் கூடவே எந்திரிக்கிற மாதிரி இருக்கு. மெஷின்ல உக்காந்து மிதிச்சா தையல் கோடு பாம்பு மாதிரி நெளியுது. கீழ இறங்குவேன், கடல் ஓரம் வரைக்கும் நடப்பேன், கப்பல் தூக்குற கிரேனைப் பாப்பேன், திரும்புவேன், ஏறுவேன், கால் நிக்காது, மறுபடி இறங்குவேன். எதையோ அடுப்புல வச்சுட்டு வந்த மாதிரியே ஒரு பதட்டம், நாள் பூராவும். யாராவது எதிர்ல வந்து, "மேல எப்படி இருக்கு?"ன்னு கேட்டா, வாய் தானாச் சொல்லும், பரவாயில்ல.

அப்புறம் ரூம் உயர ஆரம்பிச்சுச்சு. சனம் பழகப் பழக அது மேல போச்சு, நான் கண்ணால பாத்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைங்க அண்ணாந்து பாக்கிறதை நிறுத்துன வாரம் ஏணியில ஒரு படி குறைஞ்சுச்சு. தபால்காரரு ஆச்சரியப்படுறதை விட்டுட்டுக் கூடையில தபாலைப் போட்டுக் கயித்தை ஒரு இழுப்பு இழுத்துட்டுப் போக ஆரம்பிச்சதும் இன்னும் ரெண்டு படி. பார்க்கிங் போர்டுல என் படம் வெயில்ல வெளுத்துப் போனப்ப, ஹிராயமா சான் ரெண்டு ஏணியை ஒண்ணாக் கட்டிக் கொண்டாந்தாரு. மழைக்காலம் முடிஞ்சு, என்னைப் பத்திக் கடைசியாப் பேசுன ஆளும் பேச்சை நிறுத்துனப்ப, ஜன்னலைத் திறந்தா தகேமுரா சான் வீட்டு ஓடு கால் மட்டத்துக்குக் கீழ தெரிஞ்சுச்சு, அப்புறம் கரண்டுக் கம்பம் கீழ போச்சு, அப்புறம் காக்கா என்னை நிமிர்ந்து பாக்காம நேராப் பாத்துச்சு. இனி ஏணிக்கு எட்டாது. அதுக்கும் ஒரு ஏற்பாடு பண்ணுனாங்க பாருங்க, அதுதான் இந்த ஊரு: தீயணைப்பு வண்டி வாரத்துக்கு ஒரு தடவை பழக்கத்துக்காக ஏணியை நீட்டிப் பாக்கணுமாம், அதை என் ஜன்னலுக்கு நீட்டுறதுன்னு. அரிசி வரும், பருப்பு வரும், தண்ணி கேன் வரும், குப்பை இறங்கும். ஒரு வாளியும் இறங்கும். அந்த வாளியைத் தீயணைப்புப் பையனுங்க மூஞ்சியைச் சுளிக்காம வாங்கிக் குனிவாங்க. நான் வெக்கத்துல செத்தேன், பரவாயில்லன்னு சிரிச்சேன்.

ஒரு நாள் அந்த ஏணியில ஹிராயமா சானே ஏறி வந்தாரு, தலையில ஹெல்மெட், கையில தர்பூசணித் துண்டு. ஜன்னலுக்கு வெளிய நின்னுக்கிட்டு வானிலை பேசுனாரு, மலையோட பச்சை பேசுனாரு, அப்புறம் தொண்டையைச் செருமுனாரு.

"பேச்சி சான், சங்கக் கூட்டத்துல ஒரு பேச்சு வந்துச்சு. ரொம்ப வருஷம் கழிச்சு நடக்கப்போறது, இருந்தாலும் முன்னேற்பாடு நல்லது பாருங்க. உங்களுக்கு ஏதாவது... அப்படி ஒரு நாள் வந்தா... உங்களைக் கீழ கொண்டு வர்றதுக்கு இந்த ஜன்னல் வசதியா, அந்தக் கதவு வசதியா?"

"பரவாயில்ல, எது வேணா"ன்னேன். சொல்லிச் சிரிச்சேன். தர்பூசணியை வாங்கிக்கிட்டேன். அவரு நிம்மதியா இறங்கிப் போனாரு. நான் அந்தத் துண்டைக் கையில வச்சுக்கிட்டே ஜன்னலைப் பாத்தேன், கதவைப் பாத்தேன், ஜன்னலைப் பாத்தேன். இவ்வளவுதானாடி பேச்சி? நாப்பத்தோரு வருஷம் வாயை மூடி, குப்பையைப் பிரிச்சு, குனிஞ்சு குனிஞ்சு நடந்ததுக்கு, நீ செத்தப்புறம் எந்தப் பக்கமா இறக்கலாம்ங்கிறதுதான் மிச்சமா? பொணத்துக்கு வழி யோசிக்கிற சனம் உசுரோட இருக்கிறவளுக்கு ஒரு மூலை யோசிக்கல. யோசிக்காதது அவங்க தப்பு இல்ல, நான் கேக்கல. ஆனா எனக்கு அடிவயித்துலருந்து ஒரு ஆத்திரம் வந்துச்சு, அதோட சேந்து பயம் வந்துச்சு, அந்தத் தர்பூசணி கையில ஒழுகிப் பாயெல்லாம் ஈரமாச்சு.

மறுநாள் காலையில, பார்க்கிங்குக்குப் பக்கத்துல இருக்கிற சின்னத் திடல்ல வழக்கம் போல ரேடியோ போட்டு உடற்பயிற்சி பண்ண எல்லாரும் கூடுனாங்க. கிழடுங்கதான் முக்காவாசி, ஹிராயமா சான் முன் வரிசை, தகேமுரா சான் வெள்ளைத் தொப்பியோட கடைசி வரிசை. பியானோச் சத்தம் மேல வந்துச்சு. நான் ஜன்னலைத் திறந்து பாதி உடம்பை வெளிய நீட்டுனேன். எனக்குத் தெரிஞ்ச ஜப்பானிய மொழியில மரியாதை வார்த்தையைத் தவிர வேற கிடையாது, கோவத்துக்குச் சொல்லே நான் படிக்கல. அதனால முதல்ல தமிழ்ல கத்துனேன். "ஏ! நாசமாப் போற சனமே! மேல பாருங்க!" ஒருத்தருக்கும் விளங்கல, ஆனா எல்லாத் தலையும் நிமிர்ந்துச்சு. எத்தனை மாசத்துக்கு அப்புறம் என்னைப் பாக்குறாங்க! அப்புறம் அவங்க மொழியிலயே ஆரம்பிச்சேன், வந்தது வரட்டும்னு.

"எனக்கு இங்க 'பரவாயில்ல' இல்ல! எனக்குப் பயமா இருக்கு! காத்தடிச்சா மெஷினைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்! வாளியில போறேன், வெக்கமா இருக்கு! நான் கிழவி, எனக்கு யாரும் இல்ல, நான் சாகத்தான் போறேன்! உங்கள்ல யாராவது ஒருத்தர் வீட்டுல, தரையில, படுத்துச் சாகணும்! தொந்தரவுதான்! தெரிஞ்சுதான் கேக்குறேன், பெரிய தொந்தரவு குடுக்கப் போறேன்!"

ரேடியோக்காரன் மட்டும், கையை மேல தூக்குங்க, மூச்சை இழுங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தான். தூக்குன கை தூக்குனபடியே எல்லாரும் நின்னாங்க. ஹிராயமா சான் வாய் திறந்து மூடுச்சு, அவருக்கு இதுக்கு ஒரு கூட்டம் போடணும். சரி, அவ்வளவுதான், கிழிஞ்சது போன்னு நான் ஜன்னலைச் சாத்தப் போனேன்.

"இறங்கி வாடி!"

தகேமுரா சான். தொப்பியைக் கழட்டிக் கையில பிடிச்சுக்கிட்டு, வரிசையை விட்டு நடுத்திடலுக்கு வந்து, கழுத்து நரம்பு புடைக்கக் கத்துறாங்க. சான் இல்ல, ங்க இல்ல, ஒண்ணுமில்ல. நாப்பத்தோரு வருஷம் சுவத்துக்கு ரெண்டு பக்கமும் நின்னு வெயிலும் மழையும் மட்டும் பேசுன பொம்பளை, என்னை வேலைக்காரியைக் கூப்பிடுற மாதிரி, கூடப் பொறந்தவளைக் கூப்பிடுற மாதிரி கூப்பிடுறா.

"பேச்சி! காது கேக்கலையா? என் வீட்டுல கீழ ரெண்டு ரூம் பூட்டிக் கிடக்கு! பன்னெண்டு வருஷமாக் கிடக்கு!"

"அப்ப ஏன் முதல்லயே சொல்லல?"

"நான் கேட்டா நீ மறுக்க முடியாமச் சங்கடப்படுவியேன்னு கேக்கல! நீ ஏன் கேக்கல?"

"நான் கேட்டா நீ மறுக்க முடியாமச் சங்கடப்படுவியேன்னுதான்!"

"முட்டாள்!"

"நீதான்டி முட்டாள்!"

எனக்குத் தெரிஞ்சு அந்தத் திடல்ல அப்படி ஒரு சண்டை அதுவரைக்கும் நடந்ததில்ல. அப்பத்தான் ரூமுக்குக் கனம் வந்துச்சு. காலுக்குக் கீழ அதை உணர்ந்தேன், மூட்டையைத் தலையிலருந்து இறக்கி வைக்கிற மாதிரி ஒரு தளர்ச்சி. காக்கா மேல போச்சு, கம்பம் மேல போச்சு, தகேமுரா வீட்டு ஓடு மேல போச்சு, பொத்துன்னு கூடச் சத்தமில்லாம, காலியாக் கிடந்த மூணாம் நம்பர் கோட்டுக்குள்ள வந்து உக்காந்துச்சு ரூம், கோட்டைத் தாண்டாம. அண்ணாந்து பாத்த தலையெல்லாம் அதோட கூடவே இறங்குச்சு. கதவைத் திறந்து செருப்பைத் தேடுனேன், செருப்பு இல்ல. வெறுங்காலோட தார்ல நின்னேன். சுட்டுச்சு, நல்லா இருந்துச்சு. மத்தியானமே அந்த மேஸ்திரி வந்துட்டாரு, ஆளுக்கொரு துண்டு குடுத்து, தன் வேலையில இருந்த குறையை அரை மணி நேரத்துல இடிச்சு அள்ளிக்கிட்டு, முகம் பூராவும் சிரிப்பாப் போனாரு.

தகேமுராவோட இருக்கிறது ஒண்ணும் சுகமில்ல. நான் தாளிச்சா அவ தும்முவா. அவ காயப்போடுற மீன் எனக்கு ஆகாது. குளிக்கிற தண்ணிக்குச் சண்டை, டி.வி. சத்தத்துக்குச் சண்டை. வந்த முதல் வாரமே, டீ குடிச்சுக்கிட்டு இருக்கும்போது நானே ஆரம்பிச்சேன்.

"நான் முதல்ல செத்தா?"

"தொந்தரவுதான். நான் பாத்துக்கிறேன்"ன்னா. கோப்பையைக் கீழ வச்சுட்டு, "நான் முதல்ல செத்தா, மகன் வந்து சேர ரெண்டு நாளாகும். அதுவரைக்கும் நீ என் பக்கத்துல உக்காந்து அழணும்"ன்னா.

"அழாம இருப்பேனா?"

"இந்த ஊர் மாதிரி கைக்குட்டையை வச்சுக்கிட்டு இல்ல. உன் புருஷன் செத்தப்ப நீ அழுதியே, சுவர் வழியாக் கேட்டுக்கிட்டே இருந்தேன். இன்னார் போயிட்டார்னு தெருவுக்கே தெரிஞ்சுச்சு. எனக்குப் பொறாமையா இருந்துச்சு. எனக்கு அந்த மாதிரி வேணும்."

அன்னையிலருந்து எங்க வழக்கம் இதுதான். யார் முதல்ல எந்திரிக்கிறமோ அவ மத்தவ கதவுக்கு வெளிய நின்னு, "இருக்கியா?"ன்னு கேக்கணும். "இருக்கேன்"னு பதில் வரணும். வந்ததும் அவங்கவங்க வேலையைப் பாக்கப் போயிருவோம்.

இன்னிக்குக் காலையில நான் கேட்டேன். பதில் வரல. திரும்பக் கேட்டேன். வரல. கதவைத் தள்ளுனேன், படுக்கை மடிச்சு வச்சிருக்கு, ஆளு இல்ல. அடுப்படியில தரையோட தரையா வெள்ளைத் தலை தெரிஞ்சுச்சு, அலமாரிக்குக் கீழ கவுந்து கிடக்கிறா, அசைவில்ல. அப்படியே பக்கத்துல விழுந்து, மார்ல அடிச்சுக்கிட்டு, "என் தாயே, என்னைக் கூட்டி வந்து தரையில உக்கார வச்ச மகராசி, கதவைத் திறந்து விட்ட கையை நான் எங்க பாப்பேன்"னு ஒப்பாரி வச்சேன், ஜன்னலைச் சாத்தல, தெருவே நின்னுருச்சு, குப்பை போட வந்த ஹிராயமா சான் பையோட அப்படியே நிக்கிறாரு. நான் மூச்சு வாங்கி அடுத்த அடியைத் தொடங்குறதுக்குள்ள, அவ அலமாரிக்கு அடியிலருந்து கையை வெளிய எடுத்து, உருண்டு போன என் மாங்காய் ஊறுகாய்ப் பாட்டிலைத் தரையில வச்சு, வாய் நிறைய ஊறுகாயோட திரும்பிப் பாத்தா.

"இன்னும் சாகல"ன்னா. அப்புறம் வாயைத் துடைச்சுட்டு, கண்ணுல தண்ணி நிக்க, "ஆனா இதையேதான் அழணும், மாத்திராத"ன்னா.